ஏர் பைப்பில் வைத்த கால்

பிரகாஷ்,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. இந்த மாதிரி நேரத்துல அப்பன்காரன் கடுதாசி எழுதினா அதுல இன்னா இருக்கும்னு நான் சொல்லி நீ தெரிஞ்சிக்க வேண்டியதில்லை. வர்ற பொண்ணை நல்லா வெச்சிக்கோ, கோவத்தைக் குறைச்சிக்கோ, மாமனார் வீட்டுல நிதானமா பேசு. அதையெல்லாம் எழுதலாம்னுதான் நானும் காலைல டீ குடிச்சிட்டு மொட்டை மாடில நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ரெண்டு வரி எழுதினதும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் வெக்கமா போச்சு, கிழிச்சுப் போட்டுட்டேன். புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இருந்திருந்தா நீ பதினோரு வருஷமா நம்ம வண்டி நிக்கிற பக்கம் எட்டிப் பாக்காம இருந்திருக்க மாட்டே. அதனால இது வேற கடுதாசி. உனக்குத்தான் எழுதறேன், ஆனா மத்தவங்களும் படிக்கணும்னே எழுதறேன். ஏன்னு கடைசில சொல்றேன்.

பத்திரிகை வைக்க வேண்டியவங்க லிஸ்ட்டை நீ போன்ல அனுப்பினப்போ உங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு சத்தமா படிச்சா. தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் முன்னாடி முதல் பேரு, 'தாஸ் அண்ணா, கோவிலம்பாக்கம்'. அதுக்குப் பக்கத்துலயே 'அப்பா நேர்ல போய் வைக்கணும்'னு எழுதியிருந்தே. உங்கம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தா. "நம்ம பழைய டிரைவரா? அவன்தானே இன்ஜினைக் காலி பண்ணி நம்மள பேஜார் பண்ணிட்டுப் போனவன்?"னு கேட்டா. ஆமான்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல. மோட்டார் போடணும்னு சொல்லிட்டு எழுந்து போனேன். போய்ப் பார்த்தா தொட்டி ஏற்கெனவே ரொம்பி வழிஞ்சிக்கிட்டு இருந்தது.

தாஸ் யாருன்னு உனக்குச் சொல்லத் தேவையில்லை, படிக்கிற மத்தவங்களுக்காகச் சொல்றேன். பீர்க்கன்கரணையில நாம டிப்பர் லாரி வாங்கின நாள்லேர்ந்து ஒன்பது வருஷம் அதை ஓட்டினவர் அவர். படப்பைக்கு அந்தாண்ட கல்லு உடைக்கிற கிரஷர்ல ஜல்லியும் எம்-சாண்ட் மணலும் ஏத்தி, மேடவாக்கம், கோவிலம்பாக்கம்னு கட்டடம் எழும்பின எடமெல்லாம் கொண்டாந்து கொட்டினவர். ஒரு நாளும் குடிச்சிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டவர் இல்லை. ஞாயித்துக்கெழமை காலைல சர்ச்சுக்குப் போகணும், அது ஒண்ணுதான் அவர் என்கிட்ட கேட்டது. உனக்கு பரீட்சை நேரத்துல பஸ் கிடைக்கலைன்னா டிப்பர்லயே கூட்டிக்கிட்டுப் போய் ஸ்கூல் வாசல்ல இறக்கிவிடுவார். கலெக்டர் கார்ல வந்து இறங்கற மாதிரி நீ இறங்குவே. என்னைவிட நாலு வயசு சின்னவர், என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவார், நான் அவரை வாடா போடான்னுதான் பேசுவேன். இப்போ 'அவர்'னு எழுதறது உனக்குப் புதுசா இருக்கும். எனக்கும் கை கூசத்தான் செய்யுது.

நம்ம வண்டில ஒரு சட்டம் இருந்தது ஞாபகம் இருக்கா? இன்ஜின் மேல கால் படக்கூடாது. டிரைவர் கேபினுக்கு அடியிலதான் இன்ஜின், கேபினைத் தூக்கி நிறுத்திட்டா செருப்பைக் கழட்டிட்டுதான் கிட்ட வரணும். கை எட்டலைன்னா ஸ்டூல் போட்டுக்கணும். தப்பித் தவறிக் கால் பட்டா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும். ஒரு தரம் என்னவோ போல்ட் கைக்கு எட்டலைன்னு தாஸ் ஒரு காலைத் தூக்கி இன்ஜின் மேல வெச்சிட்டார். நான் கத்தின கத்தல்ல எதிர்வீட்டுக்காரங்க வெளிய வந்துட்டாங்க. "சோறு போடற சாமியை மிதிக்கிறியே, உங்க சர்ச்சுல ஆல்டர் மேல ஏறி நிப்பியாடா?"ன்னு கேட்டேன். கேக்கற கேள்வியா அது? அவர் இறங்கி, இன்ஜினைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். நான் ஏதோ பெரிய தர்மத்தைக் காப்பாத்திட்ட மாதிரி மீசையைத் தடவிக்கிட்டு உள்ள போனேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை. தாஸ் காலைலயே வந்து வண்டியைக் கழுவி, கேபினைத் தூக்கி நிறுத்திட்டு, வாழைக்கன்னும் பூவும் வாங்க தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிட்டார். நானும் நீயும்தான் இருந்தோம், நீ அப்போ பிளஸ் டூ. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு நான் மேல ஏறினேன். ரேடியேட்டருக்குப் பொட்டு வெச்சேன், பேட்டரிக்கு வெச்சேன். டர்போ கொஞ்சம் உள்ள தள்ளி இருந்தது, கை எட்டலை. ஸ்டூல் கீழ இருந்தது. உன்கிட்ட கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பே, ஒரு நிமிஷ வேலை. சோம்பல். காலைத் தூக்கி, ஏர் ஃபில்டர்லேர்ந்து டர்போவுக்குப் போற ரப்பர் பைப் மேல வெச்சு எம்பினேன். சூட்டுல வெந்து வெந்து இறுகிப் போயிருந்த பழைய ரப்பர் அது. பொட்டுன்னு ஒரு சத்தம். வளைவுல விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்துக்கிச்சு.

திரும்பிப் பார்த்தேன். நீ தேங்காயைக் கையில வெச்சிக்கிட்டு என் காலையே பார்த்துக்கிட்டு நின்னே. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்னேன். நீ எதுவும் கேக்கவே இல்லை, நானாத்தான் சொன்னேன். கால் பட்டுடுச்சுடா, பைப் போச்சு, நாளைக்குப் புதுசு வாங்கி மாட்டணும்னு சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா ஊரைக் கூட்டிக் கத்தினவன் ஆச்சே நான். தாஸ் வந்து பார்த்து, "இன்னாண்ணா, நீங்களே மிதிச்சிட்டீங்களா"ன்னு சிரிச்சிடுவாரோன்னு இருந்தது. அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்துதான் எல்லாம். டூல் பாக்ஸ்லேர்ந்து கருப்பு டேப்பை எடுத்து நாலஞ்சு சுத்து சுத்தினேன். அது மேல சந்தனத்தைப் பூசி குங்குமமும் வெச்சேன். தன் தப்பை மறைக்க சாமியை இழுத்தவன் உங்கப்பன், அதையும் எழுதிட்டேன். அப்புறம் தாஸ் வந்தார், கற்பூரம் காட்டினோம், எலுமிச்சம்பழத்து மேல சக்கரத்தை ஏத்தி இறக்கினோம், அவர்தான் தெருவுல எல்லாருக்கும் பொரி குடுத்தார்.

அந்தப் பைப் இன்னா பெரிய விஷயம்னு சிலபேர் கேக்கலாம். இன்ஜின் மூச்சு வாங்கற குழாய் அது. ஃபில்டர் தூசியை நிறுத்திட்டு நல்ல காத்தை அனுப்பும், டர்போ அதை இழுத்து இன்ஜினுக்குள்ள அழுத்தும். ஃபில்டரைத் தாண்டின எடத்துல குழாய் கிழிஞ்சிட்டா ஃபில்டர் இருந்தும் ஒண்ணுதான், இல்லாமப் போனாலும் ஒண்ணுதான், வெளித் தூசி நேரா உள்ள போவும். டேப் சுத்தினா ரெண்டு நாள் தாங்கும், சூட்டுல பசை இளகினதும் கழண்டுக்கும். இதுல மோசம் இன்னான்னா வண்டி உடனே நிக்காது. ஓடும். லேசா விசில் சத்தம் வரும், மேடு ஏறும்போது இழுவை கம்மியாவும், கொஞ்சம் கரும்புகை விடும். அப்பவே நிறுத்தி, ஒட்டு போடாம, முழுசா புதுக் குழாயும் புது கிளிப்பும் மாத்தினா அரை நாள் வேலை. ஓட்டிக்கிட்டே இருந்தா அந்தத் தூசி டர்போவைத் தின்னுட்டு இன்ஜினுக்குள்ளயும் பூந்து தேய்ச்சிடும். நம்ம வண்டி ஓடினதோ கிரஷர் தூசில.

பூஜை முடிஞ்ச நாலாம் நாளே தாஸ் சொன்னார். "அண்ணா, விசில் மாதிரி சவுண்டு வந்துகினே கீது. காத்து எங்கியோ புடுங்குது. ஒரு நாள் நிறுத்திப் பாத்துரலாம்." கேபினைத் தூக்கினா டேப் தெரிஞ்சிடுமே. "சர்ச்சுல பாட்டு பாடிப் பாடி உனக்கு எல்லாமே விசிலாத்தான் கேக்கும். நான் சொல்லாம கேபின்ல கை வைக்காதே, லோடைப் பாரு"ன்னு அனுப்பிட்டேன். ஒரு வாரத்துல புதுசு வாங்கி நானே கமுக்கமா மாத்திடலாம்னு நெனைச்சேன். சத்தியமா நெனைச்சேன். லோடு மேல லோடு வந்துது, ஒரு வாரம் ஒரு மாசமாச்சு. அவர் மறுபடி ரெண்டு தரம் சொன்னார். கடைசி தரம், "ஓனர் நானா நீயா?"ன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவர் வாயே திறக்கல.

மார்கழி கடைசில படப்பை பக்கத்துல லோடோட வண்டி உட்கார்ந்துடுச்சு. பெருங்களத்தூர்ல மெக்கானிக் ரஹீம் பாய் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துக்கிட்டு வந்தோம். பாய் கேபினைத் தூக்கினார். குழாய்க்குள்ள கையை விட்டு வெளிய எடுத்தார், விரல் பூரா மாவு மாதிரி தூசி. டேப் பாதி அவிழ்ந்து தொங்குது, சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்குது. "யாரு பண்ண வேலை இது? இதைச் சுத்தினவன் இன்ஜினைக் கொன்னுட்டான்"னார். ஷெட்டுல ஏழெட்டு பேர் இருந்தாங்க, எல்லாம் நம்ம லைன் ஓனருங்களும் டிரைவருங்களும். நீ எனக்குச் சாப்பாடு கொண்டாந்து தூக்குவாளியோட நின்னுக்கிட்டு இருந்தே.

நான் தாஸைப் பார்த்து, "இன்னாடா இது?"ன்னேன். "நான் சுத்தலண்ணா"ன்னார். "பின்ன நானா சுத்தினேன்?"னு கேட்டேன். பிரகாஷ், அத்தோட விட்டிருந்தாக்கூட எனக்கும் அவருக்கும் நடுவுல இருந்திருக்கும். நான்தான் உன் பக்கம் திரும்பினேன். "டேய், பூஜை அன்னிக்கு வண்டியைக் கழுவி கேபினைத் தூக்கினது யாரு? நீ சொல்லு." எல்லாரும் உன்னைப் பார்த்தாங்க. நீ என்னைப் பார்த்தே. அந்தப் பார்வையை நான் இன்னும் முழுங்கல. "தாஸ் அண்ணாதான்"னு சொன்னே. அது நெசம். கழுவினது அவர்தான், தூக்கினது அவர்தான். எப்படிக் கேட்டா உன் வாயிலேர்ந்து அந்தப் பேரு வரும்னு தெரிஞ்சுதான் அப்படிக் கேட்டேன். பதினேழு வயசுப் பையன் பத்துப் பேர் நடுவுல அப்பனைக் காட்டிக் குடுக்க மாட்டான்னு தெரிஞ்சுதான் கேட்டேன். தாஸ் உன்னை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். வண்டிச் சாவியை பாயோட மேசை மேல வெச்சிட்டு நடந்து போயிட்டார்.

இன்னும் இருக்கு, கேளு. அவர் லைசென்ஸ் காப்பி என்கிட்ட இருந்தது. அன்னிக்கு சாயந்திரமே அதைப் போட்டோ எடுத்து, டிப்பர் ஓனருங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, 'இந்த ஆள் வண்டியைக் கவனிக்க மாட்டான், யாரும் சேர்க்க வேண்டாம்'னு எழுதினேன். இது உனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறேன். தாம்பரத்துலேர்ந்து ஒரகடம் வரைக்கும் ஒருத்தரும் அவருக்கு வண்டி தரல. பொண்டாட்டி புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கோவிலம்பாக்கம் போய், தண்ணி கேன் போடற குட்டி வண்டி ஓட்டறார்னு யாரோ சொன்னாங்க. காதுல விழாத மாதிரி இருந்துட்டேன். ஆட்டோமொபைல் படிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்த நீ பி.காம் சேர்ந்தே. ஏன்னு நான் கேக்கல, கேக்கற தைரியம் இல்ல. நீயும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பத்து நாளைக்கு ஒரு தரம் போன் பண்ணுவே, உடம்பை விசாரிப்பே, வெச்சிடுவே. அப்பனும் மகனும் தெருவுல நின்னு கத்தி சண்டை போடற வீடுங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும்.

போன ஞாயித்துக்கெழமை தட்டுல பழம், வெத்தலை பாக்கு, பத்திரிகை எல்லாம் வெச்சு உங்கம்மாவோட ஸ்கூட்டர்ல கோவிலம்பாக்கம் போனேன். தாஸுக்கு முடி பூரா வெளுத்துடுச்சு. "வாங்கண்ணா, வாங்க அண்ணி, தம்பிக்கு கல்யாணமா"ன்னு நாற்காலியைத் தொடச்சுப் போட்டார். அவர் பொண்டாட்டி ஸ்டெல்லா டீயை ஸ்டூல் மேல வெச்சிட்டு உள்ள போயிட்டாங்க. நான் மண்டபத்தைப் பத்திப் பேசினேன், மெட்ரோக்காரன் தோண்டிப் போட்ட ரோட்டைப் பத்திப் பேசினேன், வெயிலைப் பத்திப் பேசினேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லல. உங்கம்மா கூட இருக்காளேன்னு ஒரு சாக்கு. தட்டைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

ரேடியல் ரோட்டுல பல்லாவரம் கிட்ட வரும்போது உங்கம்மா பின்னாலேர்ந்து கேட்டா, "அந்த ஆளு மூஞ்சியை நீங்க ஒரு தரம்கூட பாக்கலையே, இன்னா விஷயம்?"னு. வண்டியை ஓரம் கட்டினேன். சாமான் மூட்டையை அவிழ்க்கிற மாதிரி எல்லாத்தையும் சொன்னேன், நீ தேங்காயோட நின்னது, ஷெட்டு, குரூப்பு, எல்லாம். அவ திட்டுவா, அழுவான்னு பார்த்தேன். ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கிட்டு, "வண்டியைத் திருப்புங்க"ன்னு மட்டும் சொன்னா.

தாஸ் வாசல்ல காலி கேனையெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தார். "இன்னாண்ணா, எதுனா மறந்துட்டீங்களா?"ன்னார். நின்ன எடத்துலயே சொன்னேன். "தாஸ், அந்த டேப்பைச் சுத்தினது நான்தான். பைப்பை மிதிச்சு உடைச்சதும் நான்தான்." அவர் கேனைக் கழுவறதை நிறுத்தல. "தெரியும்ணா"ன்னார். "ஷெட்ல பாத்ததுமே தெரிஞ்சிது. டேப்பு இடது கையால சுத்தின மாதிரி இருந்துச்சு. நம்ம வண்டில இடது கை ஆளு நீங்க ஒருத்தர்தான்." பின்ன ஏன் அப்பவே சொல்லலைன்னு கேட்டேன். "பையன் நின்னுகினு இருந்தான்லண்ணா. அவனுக்கு நீங்கன்னா உசுரு. அவன் எதிர்ல உங்கள அசிங்கப்படுத்த மனசு வர்ல. போவட்டும்னு வந்துட்டேன்." உள்ளேர்ந்து ஸ்டெல்லா குரல் மட்டும் வந்தது. "அவரு போவட்டும்னுவாரு. நாலு புள்ளைங்க ஃபீஸுக்கு யார் யார் வூட்டு வாசல்ல போய் நின்னேன்னு எனக்குத்தான் தெரியும்."

இதோட நான் வாயை மூடிக்கிட்டு வந்திருக்கலாம். அவர் உன்னைக் காப்பாத்தினதா நெனைச்சு நிம்மதியா இருந்தார். ஆனா மறுபடியும் ஒண்ணை மறைச்சிட்டு எழுந்து வர எனக்கு முடியல. "அவன் பார்த்துட்டான் தாஸ். நான் மிதிச்சப்போ பக்கத்துலதான் நின்னான்"னு சொன்னேன். அவர் கேனைக் கீழ வெச்சார். அப்புறம் நிமிர்ந்து, "பாத்தவனையாடா நீ சாட்சி சொல்ல வெச்சே?"ன்னு கேட்டார். ஒன்பது வருஷம் என்கிட்ட வேலை செஞ்சப்போ, பொழைப்பு போனப்போகூட, அவர் என்னை நீன்னு சொன்னதில்லை. "என்னை இன்னா வேணா சொல்லிக்கினு போ. அந்தப் புள்ள வாயில ஏன்டா அதை வெச்சே? இத்தினி வருஷம் எப்பிடி முழுங்கிக்கினு இருந்தான் அவன்?" அவர் கண்ணு கலங்கிடுச்சு. தனக்காக ஒரு சொட்டு விடாத மனுஷன். உங்கம்மாவும் அப்போதான் அழுதா. கல்யாணத்துக்கு வருவீங்களான்னு கேக்க எனக்கு வாய் வரல, அவரே சொன்னார். "வருவேன். அவன் கூப்ட்டுக்கிறான். உனக்காக இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அதே குரூப்ல எழுதினேன். டிரைவர் தாஸ் மேல நான் போட்டது பொய், தப்பு என்னோடது, வெக்கப்படறேன்னு நாலு வரி. காறித் துப்புவாங்கன்னு போனைக் கையில வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மூணு பேர் கும்பிடற கை பொம்மை போட்டாங்க. ஒருத்தர், 'எந்த தாஸ் அண்ணே?'ன்னு கேட்டார். அதுக்குக் கீழ இன்னொருத்தர், நாளைக்கு கிரஷர் லீவான்னு கேட்டிருந்தார். அவ்வளவுதான். ஒரு மனுஷனை ஊரை விட்டே துரத்தினோம், துரத்தினவங்களுக்கு அவர் பேரு ஞாபகம் இல்லை. அப்போதான் தெரிஞ்சுது, நாலு வரி பத்தாதுன்னு. அதனாலதான் இவ்வளவு நீளமா, விவரமா எழுதறேன். இதுல உன் பேரும் இருக்கு. நீ படிச்சிட்டு சரின்னா அப்படியே குரூப்ல போடறேன். உன் பேரை எடுக்கணும்னா எடுக்கறேன், என் பேரை எடுக்க மாட்டேன்.

கல்யாணத்துக்குன்னு ஒரே ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. குடும்பத்துல உன் கால் பட்டு எதுனா உடைஞ்சா, அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. சிரிச்சா சிரிக்கட்டும்.

மத்தபடி, தாஸ்கிட்ட கேக்க வேண்டிய மன்னிப்பை அவர்கிட்ட கேட்டாச்சு, அவர் குடுக்கறதும் குடுக்காததும் அவர் இஷ்டம். உன்கிட்ட கேக்கறது வேற. பொய் சாட்சி சொல்லிட்டோம்னு நீ இத்தனை வருஷமா உன்னையே நொந்துக்கிட்டு இருந்தா, அதை இன்னிக்கோட விட்டுடு. நீ பொய் சொல்லவே இல்லை. நீ சொன்ன நெசத்தை பொய்யாக்கிக்கிட்டவன் நான். நாலு நாள் முன்னாடியே வர்றேன்னு சொன்னே. வந்ததும் பையைக் கீழ வெச்சிட்டு, உங்கம்மாவை எதிர்ல உட்கார வெச்சிக்கிட்டே என்னைக் கேளு, ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு. எவ்வளவு சத்தமா வேணாலும் கேளு, தெருவுக்கே கேக்கட்டும். கேக்காம மட்டும் இருந்துடாதே.

உங்கப்பா